ஆளைக் காணோம்! மறையும் வித்தைக்கு என்ன விலை?

"தொடவே முடியாது, அண்ணாச்சி! இவன் மை பூசிக்கிட்டான்னா ராசாவாலயும் தொட முடியாது. பெறகு நாங்க எப்படி வெளையாட?"

ஏரலில் தாமிரவருணிக் கரை. பொழுது சாயும் நேரம். ஆடி அமாவாசை என்றால் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வரும் கூட்டத்தில் இங்கே கால் வைக்க இடம் இருக்காது. அன்று அப்படியில்லை. வாழைத் தோட்டத்துப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று. படித்துறையில் நாலு பையன்கள். நடுவே ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு ஜோடி தாயக்கட்டை, ஒரு கை புளியங்கொட்டை. அவ்வளவுதான் சரக்கு. சண்டையோ ஊரைக் கூட்டும் சண்டை!

வேறொரு வேலையாக ஏரலுக்குப் போன நான், பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று ஆற்றைப் பார்க்க வந்தவன். பையன்கள் என்னைப் பஞ்சாயத்துக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

விளையாட்டு இதுதான். ஒருவன் கதை சொல்லுவான். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேஷம். "நீ இப்போது கோட்டை வாசலில் நிற்கிறாய், காவலன் வருகிறான், என்ன செய்வாய்?" என்று கதைக்காரன் கேட்பான். வேஷக்காரன் பதில் சொல்லிவிட்டுத் தாயக்கட்டையை உருட்டுவான். தாயம் விழுந்தால் நினைத்தது பலிக்கும். விழாவிட்டால் வம்பு. புளியங்கொட்டை அவரவர் உயிர்க் கணக்கு. காவலன் அடித்தால் ஒரு கொட்டை போச்சு!

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று இப்படி ஒரு விளையாட்டைப் புத்தகமாகவே அச்சடித்து விற்றார்கள். உலகம் முழுவதும் பரவியது. ஏரல் பையன்கள் அதைத் தங்கள் மண்ணுக்கு மாற்றியிருக்கிறார்கள். கதை நடக்கும் இடம் பழைய கொற்கைத் துறைமுகம். ஒருவன் முத்துக் குளிப்பவன். ஒருவன் பாண்டியன் படைவீரன். மூன்றாவது பேர்வழி கள்ளன்.

வம்புக்குக் காரணமே அந்தக் கள்ளன்தான். அவன் கையில் ஒரு சிமிழ் அஞ்சனம் இருக்கிறது. நெற்றியில் தொட்டு வைத்தால் ஆள் மறைந்துவிடுவான். மூன்று முறை பாண்டியன் பொக்கிஷத்தில் கை வைத்துவிட்டான். பிடிக்க ஆளில்லை. முதல் முறை எல்லோரும் சிரித்தார்களாம். இரண்டாம் முறை சிரிப்பு குறைந்தது. மூன்றாம் முறை முத்துக் குளிப்பவன் கொட்டாவி விட்டானாம்.

"அந்த மையே கெடையாதுன்னு அடிச்சிருதேன்" என்கிறான் கதைக்காரன்.

"குடுத்தத எப்படில புடுங்குவ? நியாயமா அண்ணாச்சி?" என்கிறான் கள்ளன்.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கொடுத்த வரத்தைப் பறிப்பது அழகல்ல. விலையில்லாத வரத்தால் கதை செத்துப்போகும் என்பதும் உண்மை. கதை எழுதுகிறவர்கள் ஆயிரம் ஆயிரம் வருஷங்களாக மல்லுக்கட்டிய சங்கதி இது. தெரிந்ததைச் சொன்னேன்.

நிழலும் மறையுமா?

"தம்பி, மை பூசினால் உடம்பு மட்டும் மறையுமா, வேஷ்டியும் மறையுமா? நிழல் விழுமா?" என்று கள்ளனைக் கேட்டேன். திருதிருவென்று விழித்தான். அதையெல்லாம் அவன் யோசித்ததே இல்லை.

சாணக்கியர் யோசித்திருக்கிறார்! கௌடிலீயம் என்னும் அர்த்தசாஸ்திரம் நெடுங்காலம் காணாமல் கிடந்த நூல். மைசூரில் சாம சாஸ்திரி ஓலைச் சுவடியிலிருந்து எடுத்து 1909ல் அச்சிட்டார். வரி, படை, ஒற்றர், சுங்கம் என்று கறாராகப் பேசிக்கொண்டு வரும் அந்த நூல், பதினான்காம் பகுதிக்கு வந்ததும் மந்திரவாதியின் குரலில் பேச ஆரம்பித்துவிடுகிறது. எதிரியின் கண்ணில் படாமல் நடமாட அதில் பல யோகங்கள். ஒன்றைக் கேளுங்கள்: மூன்று இரவு பட்டினி கிடக்க வேண்டும். பூச நட்சத்திரத்தன்று, ஆயுதத்தால் கொல்லப்பட்டவனுடைய அல்லது கழுவேறியவனுடைய மண்டையோட்டில் மண் நிரப்பி வாற்கோதுமை விதைக்க வேண்டும். ஆட்டுப் பால் விட்டு வளர்க்க வேண்டும். முளைத்த பயிரை மாலையாகக் கட்டிப் போட்டுக்கொண்டால் உருவமும் தெரியாது, நிழலும் தெரியாதாம்!

பலிக்குமா என்று கேட்காதீர்கள். பட்டினிதான் மிச்சம். ஆனால் அந்த 'நிழலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வெயிலில் நிற்கும் மாயாவியை நிழல் காட்டிக்கொடுத்துவிடும் என்று யாரோ ஒருவர் அத்தனை காலத்துக்கு முன்னே உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இங்கிலாந்தில் 1937ல் டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' கதையில் ஒரு மாய மோதிரம் வருகிறது. அதைப் போட்டுக்கொண்டவன் மறைவான்; ஆனால் நல்ல வெயிலில் மங்கலாக நிழல் விழும். சாணக்கியர் அடைத்த ஓட்டையை டோல்கீன் வேண்டுமென்றே திறந்துவிட்டிருக்கிறார். கதைக்காரனுக்கு அந்த ஓட்டை வேண்டும்.

இன்னொரு விஷயமும் அந்த மண்டையோட்டு வைத்தியத்தில் இருக்கிறது. மறைய வேண்டுமானால் மூன்று நாள் முன்னாலேயே தயாராக வேண்டும். நினைத்த மாத்திரத்தில் நடக்காது. ராமாயணத்து இந்திரஜித்து கதையும் அப்படியே. வானத்தில் மறைந்து நின்று அவன் எய்த நாகபாசத்தில் இலக்குவனே விழுந்தான். ஆனால் கடைசிப் போருக்கு முன் நிகும்பலையில் வேள்வி முடிக்க வேண்டியிருந்தது. வீடணன் அந்த ரகசியத்தைச் சொன்னான். வேள்வி பாதியில் நின்றது. இந்திரஜித்து தலை போயிற்று.

"அப்ப இவன் மை அரைக்க மூணு நாளு ஆகும்!" என்று துள்ளினான் கதைக்காரன்.

"எழுதிக்கோ, எழுதிக்கோ" என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னான் கள்ளன்.

சிவகாசியில் பிறந்த மாயாவி

மறைகிறவனுக்கு ஒரு சங்கடம் வைக்க வேண்டும் என்பதற்கு என் அபிப்பிராயத்தில் இரும்புக்கை மாயாவியைப் போல் ஒரு நல்ல உதாரணம் கிடையாது. தென்பாண்டிச் சீமையில் ஒரு தலைமுறைப் பையன்கள் அவனைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள். நான் படித்தது மாமா வீட்டுப் பரணிலிருந்து. அட்டை கிழிந்து, கடைசி நாலு பக்கம் கரையான் தின்ற பிரதி. முடிவு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தவித்திருக்கிறேன்.

அவன் பூர்வீகம் லண்டன். 1962ல் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற பையன்கள் வாரப் பத்திரிகையில் 'ஸ்டீல் கிளா' என்ற பெயரில் வந்தான். படம் போட்டவர் ஸ்பெயின் தேசத்து ஹெஸுஸ் பிளாஸ்கோ. தமிழுக்கு வந்தது 1972ல். சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான்.

கதையின் சூத்திரம் எளிது. லூயிஸ் கிராண்டேல் ஆராய்ச்சிசாலை உதவியாளன். விபத்தில் ஒரு கை போய், உருக்குக் கை பொருத்திக்கொண்டவன். பலமான மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். ஆனால் அந்த இரும்புக் கை மட்டும் மறையாது!

என்ன அருமையான ஏற்பாடு பாருங்கள். மறைவதற்கு மின்சாரம் வேண்டும்; காட்டு வழியில் மாட்டிக்கொண்டால் எங்கே போவது? சற்று நேரத்தில் உருவம் திரும்பிவிடும். எதிரி கூட்டத்தின் நடுவே அது நடந்தால்? எல்லாவற்றுக்கும் மேலே, அந்தரத்தில் மிதந்து வரும் அந்த ஒற்றைக் கை. அதை ஒளிக்க அவன் படும் பாடுதான் பாதிக் கதை. பார்க்கிறவனுக்கோ ஈரக்குலை நடுங்கும். முழுதும் மறைந்தவனைப் படத்தில் எப்படிக் காட்டுவது? வெறும் கட்டத்தைத்தான் காட்ட வேண்டும். ஒரு கையை மிச்சம் வைத்ததும் ஓவியருக்கும் வேலை கிடைத்தது, வாசகனுக்கும் திகில் கிடைத்தது. ஆரம்பத்தில் அந்தக் கிராண்டேல் நல்லவன்கூட இல்லை. கிடைத்த சக்தியைக் கொண்டு களவுக்கும் அழிவுக்கும் போனவன்தான். உளவுப் படையில் சேர்ந்து நல்ல பிள்ளை ஆனது பிற்பாடு.

சினிமாக்காரர்களும் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1987ல் வந்த 'மிஸ்டர் இந்தியா' இந்திப் படத்தில் கதாநாயகன் மறைவான். சிவப்பு வெளிச்சத்தில் மட்டும் தெரிந்துவிடுவான். அதையே 1989ல் பாக்யராஜ் 'என் ரத்தத்தின் ரத்தமே' என்று தமிழில் நடித்தார். அமெரிக்க விளையாட்டுப் புத்தகம் இன்னும் சுலபமான வழி வைத்திருக்கிறது. மறைந்தவன் யாரையாவது அடித்தானோ, அந்த நிமிஷமே மாயம் கலைந்துவிடும். ஒளியலாம், நுழையலாம், தப்பலாம். கொல்ல மட்டும் முகத்தைக் காட்டியாக வேண்டும். எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. படைவீரன் பையனுக்கும் பிடித்திருந்தது.

பசித்த மாயாவி

எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில ஆசிரியர் 1897ல் எழுதிய 'இன்விசிபிள் மேன்' நாவலில் மந்திரமே கிடையாது. எல்லாம் விஞ்ஞானம். உடம்பை ஒளி ஊடுருவும்படி செய்துகொள்கிறான் கிரிபின் என்ற ஆசாமி. ஆனால் துணி மறையாது. ஆகவே லண்டன் குளிரில் அம்மணமாக அலைய வேண்டும்! சாப்பிட்டால் சோறு செரிக்கும் வரை வயிற்றுக்குள்ளே தெரியும். சேற்றுக் காலோடு நடந்தால் ஆளில்லாமல் தடம் மட்டும் நடக்கும். தெருப் பையன்கள் அதைப் பார்த்துப் பின்னாலேயே ஓடி வருகிறார்கள். நாய்க்கு மோப்பம் போதும். உலகத்தையே ஆளலாம் என்று கிளம்பியவன் ஒரு வேளைச் சோற்றுக்கும் ஒரு பழைய கோட்டுக்கும் படுகிற பாடு இருக்கிறதே, அப்பப்பா!

இதிலும் ஒரு பிசகை ரஷ்ய ஆசிரியர் யாக்கோவ் பெரல்மான் சுட்டிக் காட்டினார். நாம் பார்ப்பதே கண்ணுக்குள் புகும் வெளிச்சம் திரையில் தங்குவதால்தான். கண்ணும் கண்ணாடி போல் ஆகிவிட்டால் வெளிச்சம் தங்காது. ஆகவே முழுதும் மறைந்தவன் முழுக் குருடன்! 2006ல் அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையில் ஒரு செம்பு உருளையை நுண்ணலையின் பார்வையிலிருந்து கிட்டத்தட்ட மறைத்துக் காட்டினார்கள். மனிதக் கண்ணிலிருந்து அல்ல. அந்த விஞ்ஞானிகளின் சாமர்த்தியம் வேறு விஷயம்; நமது கள்ளனுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

"குருடனா?" என்று கேட்ட கள்ளன் பையன் கொஞ்சம் பயந்துதான் போனான். கதைக்காரன் முகத்தில் பரம திருப்தி. பாவமாக இருந்தது. "வேண்டாம், அந்த அளவுக்குப் போக வேண்டாம்" என்று நானே தடுத்தேன். விலை இருக்கலாம், விளையாடுகிறவனை மூலையில் உட்கார வைக்கும் விலை கூடாது.

ஆற்றில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று முத்துக் குளிப்பவன் கேட்டான். அதுவரை வாயே திறக்காத பையன். "தண்ணிக்குள்ள எறங்குனா ஆள் நிக்கிற எடம் மட்டும் பள்ளமாத் தெரியும்லா?" என்றான். பேஷ்! வெல்ஸ் எழுதிய பக்கத்துக்கு இது இளைத்ததல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரை எது, தெரு எது என்று தெரியாமல் ஊரே நீருக்குள் நின்றதைப் பார்த்த பையன். தண்ணீர் எதை மறைக்கும், எதைக் காட்டும் என்பது அவனுக்குத் தெரிகிறது.

இல்லாத திருடன்

இவ்வளவும் சொன்ன பிறகு, கள்ளன் ஒரு கேள்வி போட்டான்.

"எல்லாம் சரி அண்ணாச்சி. நாங்க வெளையாடுறது கொற்கை. கொற்கையில இப்படி ஒருத்தன் இருந்தானா?"

இருந்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் இருந்ததாக ஒருவன் சொன்னான். அந்தச் சொல்லுக்கு மதுரையிலும் கொற்கையிலும் உயிர்கள் போயின.

சிலப்பதிகாரம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மனைவியின் சிலம்பை விற்க மதுரைக்கு வந்த கோவலன், அரண்மனைப் பொற்கொல்லனிடம் போய் மாட்டிக்கொள்கிறான். பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடியவனே அந்தப் பொற்கொல்லன். பழியைச் சுமத்த ஆள் தேடிக்கொண்டிருந்தவனுக்கு வாசலில் வந்து நின்றான் அப்பாவி. 'சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்று கொண்டு வாருங்கள்' என்று அரசன் சொல்லிவிட்டான்.

காவலர்கள் வந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கே மனம் வரவில்லை. இவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்குரிய கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். அந்த ஒரு கணத்தில் கோவலன் பிழைத்திருக்க வேண்டும்.

பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிறான். கள்வருக்குத் துணை எட்டு என்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. மந்திரத்தை வாயில் முணுமுணுத்தால் தேவகுமாரரைப் போல நம் கண்ணில் படமாட்டார்களாம். மருந்தால் மயக்கிவிடுவார்களாம். ஒரு கதையும் சொல்கிறான். பகலில் தூதனைப் போல அரண்மனை வாசலில் நின்றானாம் ஒருவன். இரவில் பெண் வேடமிட்டு உள்ளே நுழைந்து, விளக்கு நிழலில் பதுங்கி, தூங்கிய இளவரசன் மார்பு ஆரத்தைக் கவர்ந்தானாம். விழித்தவன் வாளை உருவிக் குத்தினால் உறையாலேயே தடுத்தானாம். மற்போருக்கு இழுத்தால், மணித்தூண் ஒன்றைத் தானென்று காட்டிவிட்டு மாயமாகப் போனானாம். அவனைக் கண்டவர் உண்டா என்று கேட்கிறான்.

கேட்ட காவலர்களில் ஓர் இளைஞனுக்கும் பழைய நினைவு வந்துவிட்டது. மழைக்கால நள்ளிரவில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கள்வனை அவன் சொல்கிறான். பயம் இப்போது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குத் தொற்றிவிட்டது. குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசுகிறான். கதை முடிந்தது.

எதிரே நிற்கிறவனைப் பார்த்து, அவன் அப்பாவி என்று அவர்கள் கண்ணே சொல்லியது. 'கண்ணை நம்பாதே' என்று ஒருவன் சொன்னதும் கண்ணை விட்டுவிட்டார்கள். உண்மைத் திருடன் மறையவே இல்லை. அவர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். மந்திரமும் மையும் இல்லாமல் அவனைப் போல் ஒளிந்தவர் எந்தக் கதையிலும் கிடையாது என்று எனக்குத் தோன்றுகிறது.

கொற்கை எங்கே வருகிறது? இரண்டு இடத்தில். ஏரலிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். கடல் பின்வாங்கிப் போய் இன்று துறைமுகத்தின் அடையாளமே இல்லை. 1968-69ல் தொல்பொருள் இலாகா தோண்டிப் பார்த்தது. ஒரு காலத்தில் அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று கிரேக்க மாலுமி நூலான பெரிப்ளஸ் சொல்கிறது. பாண்டியன் பட்டத்துச் சிலம்பின் பரல் முத்து. கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். அந்த வித்தியாசத்தில்தான் வழக்கே தீர்ந்தது. கொற்கைக் கடல் முத்துக்குப் பேர்போன நாடு அல்லவா?

இரண்டாவது கேட்கச் சகிக்காது. நெடுஞ்செழியன் இறந்த பின் நாட்டில் மழை இல்லை, வறுமை, நோய். அப்போது கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்வதாக ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்கிறது காவியம். திருடியவன் ஒருவன். பொய் சொன்னவனும் அவன் ஒருவனே. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? நெருப்பை ஊதிக்கொண்டும் கம்பி இழுத்துக்கொண்டும் இருந்திருப்பார்கள். காவியத்தில் அதற்குப் பின் மழை பெய்கிறது. எனக்கு அந்த மழை மேல் இன்றுவரை கோபம்.

பையன்கள் சற்று நேரம் பேசவில்லை. அக்கரையில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதைக்காரன் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பி, மூன்று நாள் பட்டினி, நிழல், தண்ணீர்ப் பள்ளம் என்று எழுதியதற்கெல்லாம் கீழே ஒரு கோடு போட்டான். பிறகு மெதுவாக, "இன்னொரு விதி" என்றான்.

"என்னல?"

"மை பூசிக்கிட்டு நீ எத வேணும்னாலும் எடுக்கலாம். ஒன்ன யாரும் புடிக்க மாட்டாவ. ஆனா எடுத்தது ஊருக்குத் தெரியும். ராசா சும்மா விடமாட்டாரு. நான் தாயம் உருட்டுவேன். கண்ணுக்குத் தெரியுற எவனாவது ஒருத்தன் மாட்டுவான்."

"எவன்?"

கதைக்காரன் கையை நீட்டினான். விரல் முதலில் படைவீரன் பக்கம் போயிற்று. பிறகு முத்துக் குளிப்பவனிடம் நின்றது. அந்தப் பையனின் மடியில் மூன்றே மூன்று புளியங்கொட்டை இருந்தது.

கள்ளன் தாயக்கட்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான், கீழே போடவில்லை. "நான் சொல்லிக் காப்பாத்தலாமா?" என்று கேட்டான்.

"சொல்லலாம். மைய அழிச்சிட்டு வந்து நின்னு சொல்லணும்."

பஸ் ஹாரன் கேட்டது. நான் எழுந்து ஓடினேன். படியேறித் திரும்பிப் பார்த்தபோது நாலு தலையும் ஒன்றாகக் குனிந்திருந்தன. கட்டை இன்னும் அவன் கையில்தான் இருந்தது.